மதகு திறக்கும் முன் வாய் திறக்க வேண்டும்

பேருந்து முனையத்தால் குத்தம்பாக்கம் என்ற பெயர் இன்று சென்னைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். பூந்தமல்லி தாண்டி, பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். பக்கத்திலேயே செம்பரம்பாக்கம் ஏரி. ஊர் திருவள்ளூர் மாவட்டம், ஏரி காஞ்சிபுரம் மாவட்டம். ஏரி திறந்தால் முழுகுவதோ அடையாற்றுக் கரையில் உள்ள சென்னை. மதகில் கை வைப்பவர் ஒருவர், நனைபவர் இன்னொருவர் என்றால், நடுவில் சேதி சொல்வது யார்?

2015 டிசம்பர் 1 அன்று அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் போனது. ஏரியிலிருந்து 29,000 கன அடி நீர் வெளியேறியது. எச்சரிக்கை விடுத்தோம் என்றது அரசு. எங்கள் காதுக்கு எட்டவில்லை என்றார்கள் கரையோர மக்கள். எட்டியிருந்தாலும் என்ன புரிந்திருக்கும்? 29,000 கன அடி என்றால் விநாடிக்குச் சுமார் 8 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் 68-ஐ ஒவ்வொரு விநாடியும் ஆற்றில் கவிழ்ப்பதற்குச் சமம். இப்படிச் சொல்லியிருந்தால் ஜாபர்கான்பேட்டையில் ஒருவரும் அன்றிரவு தரைத்தளத்தில் படுத்திருக்க மாட்டார்கள். 2018-ல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட தணிக்கைத் துறை அறிக்கை, இந்த வெள்ளத்தை மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்றே எழுதியது.

அந்த வெள்ளத்தில் மின்சாரம் போனது, செல்பேசிக் கோபுரங்கள் ஓய்ந்தன. மறைமலை நகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் வர முடியாததால், 1878-ல் தொடங்கிய ‘தி இந்து’ நாளிதழ் முதன்முறையாக டிசம்பர் 2 அன்று அச்சாகவில்லை. அந்த மழைக்காலம் முழுக்க வதந்திக்குப் பஞ்சமே இல்லை. பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்றும், பேய்மழை வரும் என நாசாவே சொல்லிவிட்டது என்றும் வாட்ஸ்அப் அலறியது. மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமோ, பிரதமர் வெள்ளத்தைப் பார்வையிடும் படத்தில் ஒட்டுவேலை செய்து வெளியிட்டு, பிறகு நீக்கியது. உண்மை சொல்ல வேண்டிய இடமே படத்தைத் திருத்தினால் வதந்தியை யார் அடக்குவது?

அந்த நாட்களில் மக்கள் நம்பிய முகம் ஒன்று உண்டு: வானிலை ஆய்வு மையத்தின் ரமணன். பள்ளி விடுமுறைக்காகப் பிள்ளைகள் அவரைக் கொண்டாடியது தனிக் கதை. ஒரே ஆள், எளிய தமிழ், தெரிந்ததை மட்டும் சொல்லும் நிதானம். அணைக்கும் ஏரிக்கும் அப்படி ஒரு குரல் இருக்கவில்லை.

2020 நவம்பர் 25, நிவர் புயல். இம்முறை நேரம் சொல்லி, நண்பகலில் 1,000 கன அடியில் மதகைத் திறந்தார்கள். சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருநீர்மலை என்று ஊர்ப்பெயர் சொல்லி எச்சரித்தார்கள். தொலைக்காட்சிகள் மதகடியிலேயே நின்றன. நல்ல முன்னேற்றம், ஆனால் பாதிதான். கன அடிக் கணக்கு இன்னும் தெருக் கணக்காக மாறவில்லை. எந்தத் தெருவில், எத்தனை மணிக்கு, எத்தனை அடி நீர், தஞ்சமடைய எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவது – இந்த நான்கும் இல்லாத அறிவிப்பு அரசு தன் கோப்புக்காக எழுதிக்கொள்வது. செல்பேசி ஓய்ந்த பிறகும் கேட்பது ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோதான். அதற்கான ஏற்பாட்டை ஐப்பசிக்கு முன்பே செய்துவைக்க வேண்டும்.

மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070. குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை கன அடி திறந்தால் உங்கள் தெருவுக்குள் தண்ணீர் வரும் என்று வெயில் அடிக்கும்போதே கவுன்சிலரிடம் கேட்டு வையுங்கள்.