பசும்புல்லுக்குள் ஒளிந்திருக்கும் பூஞ்சை

புல் செழிப்பாக இருந்தால் மாடும் செழிப்பாக இருக்கும் என்றுதான் நாம் எல்லாரும் நினைக்கிறோம். அமெரிக்காவில் இறைச்சிக்காக மாடு வளர்ப்பவர்களும் பல ஆண்டுகள் அப்படித்தான் நம்பியிருந்தார்கள்.

அங்கே டால் ஃபெஸ்கியூ என்று ஒரு புல் உண்டு. 1931இல் கெண்டக்கி மாநிலத்தில் ஒரு மலைச்சரிவுப் பண்ணையில் பேராசிரியர் பெர்கஸ் இதைக் கண்டார். 1943இல் 'கெண்டக்கி 31' என்ற பெயரில் விவசாயிகளுக்கு இதன் விதை கிடைத்தது. வறட்சி, பூச்சி, மாடுகளின் மிதி எல்லாவற்றையும் தாங்கிய இந்தப் புல், கிட்டத்தட்ட மூன்றரைக் கோடி ஏக்கரில் பரவிவிட்டது.

ஆனால் இதை மேய்ந்த மாடுகளுக்கு எடை ஏறவில்லை. கோடையில் மூச்சு வாங்கியபடி குட்டைத் தண்ணீரில் போய் நின்றன. குளிர்கால உரோமம் உதிராமல் அப்படியே இருந்தது. பசுக்கள் சரியாகச் சினை பிடிக்கவில்லை. கன்று ஈன்றவற்றுக்கும் பால் குறைவு.

1970களில் ஜார்ஜியா மாநிலத்தில்தான் துப்பு கிடைத்தது. ஒரே பண்ணையில் ஒரு மேய்ச்சல் நிலத்து மாடுகள் நலமாக இருந்தன, மற்றொன்றில் நோயுற்றிருந்தன. இரண்டிலும் அதே புல்தான்! ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் பார்த்தபோது, புல்லின் உயிரணுக்களுக்கு இடையே பூஞ்சை இழைகள் தெரிந்தன. நோய் கண்ட நிலத்தில் அது மிக அதிகம். 1977இல் இதை வெளியிட்டார்கள். இலையில் புள்ளியோ வாட்டமோ இல்லாததால்தான் அதுவரை யாரும் சந்தேகிக்கவில்லை.

இந்தப் பூஞ்சை எர்கோவலின் என்ற நச்சுப்பொருளை உண்டாக்குகிறது. அது இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. வெயிலில் உடல் சூடு வெளியேற வழியில்லை. சூடு தாங்காத மாடு மேயாமல் நிழல் தேடுகிறது. குளிரிலோ காது, வால் நுனி, குளம்புப் பகுதிகளுக்கு இரத்தம் போகாமல் சதை செத்துப்போகும். பால் சுரக்க உதவும் புரோலாக்டின் என்ற ஹார்மோனும் குறைகிறது. கருப்பைக்குச் செல்லும் இரத்தம் குறைந்து, உடல் சூடும் ஏறினால் இளங்கரு நிலைப்பதில்லை.

புல்லில் பூஞ்சை கண்ட செடிகள் பத்து விழுக்காடு கூடினால், இளம் மாடு ஒரு நாளில் ஏற்றும் எடை சுமார் 45 கிராம் குறைகிறது. 1993இல் போட்ட ஒரு கணக்கின்படி அமெரிக்காவில் ஆண்டு இழப்பு 60 கோடி டாலருக்கு மேல். அதில் பாதிக்கு மேல் பிறக்காமல் போன கன்றுகளால் வந்தது. மாடு இளைத்தால் கண்ணுக்குத் தெரியும். பிறக்காத கன்றை யார் எண்ணுவது?

அப்படியானால் பூஞ்சையை அழித்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். அழித்தும் பார்த்தார்கள். இந்தப் பூஞ்சை விதை வழியாக மட்டுமே பரவுகிறது. விதையை நெடுநாள் சேமித்து வைத்தால் பூஞ்சை செத்துவிடும். அந்த விதையில் வளர்ந்த புல்லைத் தின்ற மாடுகள் கொழுத்தன. ஆனால் புல்தான் வறட்சியில் மடிந்தது. அதற்குப் பலம் கொடுத்ததே பூஞ்சைதான்!

பிறகு நியூசிலாந்து ஆய்வாளர்கள் எர்கோவலின் உண்டாக்காத பூஞ்சை வகையைக் கண்டெடுத்துப் புல்லில் குடியேற்றினார்கள். 2000ஆம் ஆண்டு வாக்கில் அந்த விதை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. மாடும் நலம், புல்லும் நலம். ஆனாலும் பழைய புல்லை வேரோடு அழித்துப் புதிதாக விதைக்கும்போது, சில மாதங்களுக்கு அந்த நிலத்தில் மேய்க்க முடியாது. செலவும் அதிகம். ஆகவே பலர் குளோவர் என்ற தீவனச் செடியைக் கலந்து விதைத்து நச்சின் அளவைக் குறைக்கிறார்கள். நச்சு அதிகம் சேரும் கதிர்களை முன்கூட்டியே வெட்டிவிடுகிறார்கள்.