தீக்குச்சியும் மலைத்தடமும்

ஒரு தீக்குச்சியைப் பற்றவைத்து, மருந்து முனை மேலே இருக்கும்படி நிமிர்த்திப் பிடியுங்கள். சுடர் தயங்கித் தயங்கிக் கீழே இறங்கும். பாதியில் அணைந்தும் போகும். முனையைக் கீழே சாய்த்தால் விறுவிறுவென்று ஏறி வந்து விரலைச் சுட்டுவிடும். சூடான காற்று மேலே போகிறது. போகும்போதே மேலே இருக்கும் குச்சியை உலர்த்திப் பற்றுவதற்குத் தயாராக்கி வைக்கிறது. மலைச்சரிவில் காய்ந்து நிற்கும் புல்லுக்கும் இதேதான். சரிவு 10 டிகிரி கூடினால் தீ ஏறும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது காட்டுத்தீயோடு மல்லுக்கட்டுபவர்களின் கைக்கணக்கு. ஏற ஏற நமக்கு மூச்சு வாங்கும். தீக்கு வேகம் கூடும்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் அப்படியொரு தீயில் சிக்கி, மலையேறப் போன 23 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் சென்னையிலிருந்து போன இளம்பெண்கள். அந்தச் செய்தியை இன்றும் என்னால் பதறாமல் நினைக்க முடிவதில்லை.

அந்த ஆண்டே மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 14 மாவட்டங்களில் 40 தடங்களை வனத்துறை திறந்தது. எளிது, நடுத்தரம், கடினம் என மூன்று வகை. இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். வழிகாட்டி இல்லாமல் ஏற முடியாது. 2025இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை, காட்டுத்தீக் காலம் என்று தடங்களை மூடினார்கள். லீவு கிடைத்தும் போக முடியவில்லையே என்று அலுத்துக்கொண்ட மயிலாப்பூர் நண்பருக்கு நான் தீக்குச்சியைத்தான் கொளுத்திக் காட்டினேன்.

வழிகாட்டிகள் மலையடிவார ஊர்க்காரர்கள், பழங்குடி இளைஞர்கள். பாதையில் யானை லத்தி கிடந்தால் நாம் போட்டோ எடுப்போம். பழகியவர் குனிந்து அதில் கையை வைத்துப் பார்ப்பார். சூடு ஆறவில்லை என்றால் யானை பக்கத்தில்தான் இருக்கிறது. அதற்குமேல் ஓரடி வைக்காமல் எல்லோரையும் திருப்பிவிடுவார். உச்சியைப் பார்க்கவில்லையே என்று அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

வெளிநாடுகளில் பல நாள் நடக்கும் தடங்களும் உண்டு. நியூசிலாந்தின் மில்ஃபோர்டு தடம் 53.5 கிலோமீட்டர். நான்கு நாள் நடை, நடுவே மூன்று இரவு, மூன்று குடில். சீசனில் சொந்தமாக நடப்பவர்கள் நாளொன்றுக்கு 40 பேர்தான் கிளம்பலாம். குடிலில் அத்தனை பேருக்குத்தான் படுக்கை. எல்லோரும் ஒரே திசையில் நடப்பதால் எந்த இரவும் குடில் நிரம்பி வழிவதில்லை. நம் தடங்கள் பெரும்பாலும் ஒரு பகலில் முடிந்துவிடும். பல நாள் தடம் இங்கும் வர வேண்டும் என்று எனக்கு ஆசைதான். ஆனால் அங்கே யானையும் சிறுத்தையும் கிடையாது. இங்கே இருட்டிய பிறகு காடு அவற்றுக்குரியது. நிதானமாக வரட்டும்.

சென்னைக்காரர்கள் முதல் நடைக்குத் திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகைகளுக்குப் போகலாம். நம் வீட்டுக் குழாய்க்குத் தண்ணீர் தரும் பூண்டி ஏரியைத் தாண்டிய புதர்க்காடு அது. 1863இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தாரே, அதைப் போன்ற கருவிகளைச் செய்தவர்கள் உலவிய நிலம். குகைக்குள் போனதும் அண்ணாந்து பாருங்கள். பாறை முழுக்க உருண்டை உருண்டையாகக் கூழாங்கற்கள் பதிந்திருக்கும். அப்படி உதிர்ந்து விழுந்த கற்களைத்தான் அவர்கள் தட்டித் தட்டிக் கருவியாக்கினார்கள்.