"உங்க கை என்ன பண்ணுதுங்க?"

சோமனூர் பக்கம் ஒரு தறிக்குடோனுக்குள் முதல்முறை நுழைகிறவருக்குக் காது அடைத்துப்போகும். பக்கத்தில் நிற்பவர் கத்திப் பேசினாலும் புரியாது. பத்து வருஷமாகத் தறி ஓட்டுகிறவருக்கோ அந்தச் சத்தம் பொருட்டாகவே படுவதில்லை. ஒரே ஒரு தறியின் ஓசை இலேசாக மாறட்டும், சட்டென்று திரும்பிப் பார்ப்பார். மனம் எப்போதும் இப்படித்தான் ஒன்றை முன்னால் நிறுத்தி, மற்றதைப் பின்னணிக்குத் தள்ளுகிறது. ஜெர்மனியில் மாக்ஸ் வெர்தைமர் 1912இல் தொடங்கிவைத்த கெஸ்டால்ட் உளவியலின் அடித்தளம் இதுவே. துண்டு துண்டாக அல்ல, முழு வடிவங்களாகவே நாம் உலகைப் பார்க்கிறோம் என்றது அது.

அந்தக் கருத்தை மனநல சிகிச்சைக்குள் கொண்டுவந்தவர்கள் ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ், லாரா பெர்ல்ஸ் தம்பதியர். பெர்லினில் பிறந்த ஃபிரிட்ஸ், 1926இல் பிராங்க்பர்ட்டில் குர்ட் கோல்ட்ஸ்டைனிடம் உதவியாளராக இருந்தார். முதல் உலகப் போரில் மூளைக் காயம்பட்ட சிப்பாய்களைப் பராமரித்த மருத்துவர் கோல்ட்ஸ்டைன். மனிதனை உறுப்பு உறுப்பாகப் பிரிக்காமல் முழு உயிராகப் பார்க்க வேண்டும் என்பது அவர் பாடம். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூதரான பெர்ல்ஸ் தம்பதியர் நாட்டை விட்டு வெளியேறி, தென்னாப்பிரிக்கா போய், பிறகு நியூயார்க் சேர்ந்தார்கள். ரால்ஃப் ஹெஃபர்லைன், பால் குட்மன் இருவரோடும் சேர்ந்து ஃபிரிட்ஸ் எழுதிய 'கெஸ்டால்ட் தெரபி' 1951இல் வெளிவந்தது.

இந்தச் சிகிச்சை அறைக்குள் என்ன நடக்கும்? கற்பனையாக ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். ஐம்பது வயதைத் தாண்டிய தறி முதலாளி ஒருவர், ராத்திரியில் தூக்கம் வருவதில்லை என்று ஆலோசகரான இளம்பெண்ணிடம் வந்திருக்கிறார்.

"எல்லாம் நல்லாத்தானுங்க அம்மிணி போகுது. பையன் பெங்களூருக்கு வேலைக்குப் போயிட்டான். போகட்டும், அவன் இஷ்டம்."

"அவன் இஷ்டம்னு சொல்றப்போ உங்க கை என்ன பண்ணுதுங்கண்ணா?"

அவர் குனிந்து பார்க்கிறார். வலது கை நாற்காலியின் பிடியை இறுக்கிக்கொண்டிருக்கிறது.

"கெட்டியாப் புடிச்சிருக்குதுங்க."

"விட்டுராதீங்க. கொஞ்ச நேரம் அப்படியே கவனிங்க. அந்தக் கை பேசுனா என்னங்க சொல்லும்?"

வெகுநேரம் கழித்துப் பதில் வருகிறது: "போகாத சாமீன்னு சொல்லுமுங்க."

ஏன் தூக்கம் வரவில்லை என்று அந்தப் பெண் கேட்டிருந்தால், நூல் விலை, கூலி, கரண்ட் பில் என்று தயாராக இருந்த காரணங்கள் வரிசையாக வந்திருக்கும். காரணம் சொல்லும்போது மனிதர் தன்னைப் பற்றி விளக்குகிறாரே தவிர, தன்னைப் பார்ப்பதில்லை. கெஸ்டால்ட் ஆலோசகர் என்ன நடக்கிறது, எப்படி நடக்கிறது என்று கேட்பதற்குக் காரணம் இதுதான். பழைய துக்கமும் நாளைய பயமும் இந்த நிமிஷத்தில்தான் உடம்பில் இறுக்கமாக, மூச்சுத் தடையாக, குரல் கம்மலாக உட்கார்ந்திருக்கின்றன. தொட்டுப் பார்க்கக் கிடைப்பது அந்த நிமிஷம் ஒன்றுதான்.

இந்த முறையின் தத்துவ வேர், எட்மண்ட் ஹுஸ்ஸர்ல் வகுத்த நிகழ்வியல். அதிலிருந்து கெஸ்டால்ட் மூன்று ஒழுங்குகளை எடுத்துக்கொண்டது. தன் முன்முடிவுகளை ஒதுக்கிவைப்பது முதலாவது. விளக்கம் சொல்லாமல், காண்பதைக் கண்டபடி சொல்வது இரண்டாவது. எது முக்கியம் என்று முன்கூட்டித் தீர்மானிக்காமல் எல்லாவற்றையும் சமமாகக் கவனிப்பது மூன்றாவது. மகனின் வேலைக்குக் கொடுத்த அதே கவனத்தை நாற்காலிப் பிடிக்கும் கொடுத்ததால்தான் அந்த அப்பாவின் வார்த்தை வெளியே வந்தது.

சொல்லாமல் விட்ட அந்த மாதிரி வார்த்தைகளை முடிவுறாத காரியங்கள் என்கிறது கெஸ்டால்ட். பாதியில் நிறுத்திய வேலை மனதில் கூடுதலாக நிற்கிறது என்று புளூமா ஸைகார்னிக் 1927இல் எழுதினார். நினைவு பற்றிய அந்த முடிவு பிந்தைய சோதனைகளில் எல்லா இடத்திலும் கிடைக்கவில்லை. ஆனால், பாதியில் விட்டதை முடிக்க மனிதர் திரும்பத் திரும்பப் போகிறார் என்று அவரோடு படித்த மரியா ஓவ்ஸியான்கினா கண்டது இன்றும் நிற்கிறது. காலி நாற்காலியில் அப்பாவோ மகனோ இருப்பதாக எண்ணி நேருக்கு நேர் பேசச் சொல்லும் உத்தி இதற்காகத்தான். 1995இல் பைவியோவும் கிரீன்பெர்க்கும் 34 பேரிடம் செய்த ஒப்பீட்டில், இந்த முறையில் பேசியவர்கள், முடிவுறாத காரியங்களைப் பற்றிப் பாடமாக மட்டும் கேட்டவர்களைவிட அதிகம் தேறினார்கள். சிறிய ஆய்வுதான் என்றாலும் திசை தெளிவாக இருக்கிறது.

தன்னைத் தானே கவனிப்பது கொங்கு மண்ணுக்குப் புதிதல்ல. நெசவுக் குடும்பத்திலிருந்து வந்த வேதாத்திரி மகரிஷி 1984இல் பொள்ளாச்சி அருகே ஆழியாறில் அறிவுத் திருக்கோயிலை நிறுவினார். அங்கே அகத்தாய்வு கற்றவர்கள், காகிதத்தில் தங்கள் எண்ணங்களையும் சினத்தையும் கவலைகளையும் எழுதி வகைப்படுத்திப் பார்க்கிறார்கள். எழுதிப் பார்க்கும்போதே மனபாரம் குறையும் என்பது அவர்கள் அனுபவம். ஆனால் அகத்தாய்வின் நோக்கம் ஆசையைச் சீரமைப்பது, சினத்தைத் தவிர்ப்பது. கெஸ்டால்ட் அந்த இடத்தில் வேறு பாதையில் போகிறது.

அந்தப் பாதையைத் தெளிவாக எழுதியவர் அர்னால்ட் பைஸ்ஸர். டென்னிஸ் வீரரான அவர் மருத்துவப் படிப்பை முடித்த கையோடு, 25 வயதில் போலியோ தாக்கி இரும்பு நுரையீரலுக்குள் போனார். வாழ்நாள் முழுக்கச் சக்கர நாற்காலியில் இருந்தபடியே மனநல மருத்துவரானார். நாம் அல்லாத ஒருவராக மாற முயல்வதை நிறுத்தி, இருக்கிறபடியே முழுமையாக இருக்கும்போதுதான் மாற்றம் நிகழ்கிறது என்று 1970இல் எழுதினார். அந்த அப்பாவின் பிடியை விடச் சொல்லாமல் கவனிக்கச் சொன்னது இதனால்தான்.

இந்த நிமிஷத்தில் இருப்பது நமக்கு எவ்வளவு கஷ்டம் என்பதற்கு அளவும் உண்டு. 2010இல் கில்லிங்ஸ்வொர்த்தும் கில்பர்ட்டும் 2,250 பேரை நாளின் பல நேரங்களில் செல்போன் வழியே கேட்டபோது, 46.9 சதவீத நேரம் மனம் வேறெங்கோ இருந்தது. அப்போது அவர்களின் மகிழ்ச்சியும் குறைவாகவே இருந்தது.

கடுமையான மனநோய்க்குக் கெஸ்டால்ட் மட்டும் போதாது. அதற்கு மனநல மருத்துவரும் மருந்தும் வேண்டும். தற்கொலை எண்ணம் தலைகாட்டினால் 14416 என்ற டெலி மானஸ் உதவி எண்ணைத் தயங்காமல் அழைக்க வேண்டும். மற்ற நாட்களில் வீட்டிலேயே ஒன்று செய்யலாம். முகம் வாடி வந்தவரிடம் "ஏன் இப்படி இருக்கே?" என்று காரணம் கேட்டு, உடனே "கவலைப்படாதே" என்று தீர்ப்புச் சொல்கிறோம். இரண்டையும் நிறுத்திவிட்டு, "இப்ப உனக்கு எப்படி இருக்குது?" என்று கேட்டு, பதில் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். புத்திமதி சொல்ல ஊரே இருக்கிறது. அவசரப்படாமல் கேட்கத்தான் ஆள் வேண்டும்.