டொர்னாடோவைப் படம்பிடித்த 'ஆமை'

கோடையில் பொங்கலூர் பக்கம் போனால் ஒரு வேடிக்கை பார்க்கலாம். உச்சி வெயிலில், காய்ந்த காட்டில் புழுதி திடீரென்று தூண் போல எழும்பிச் சுற்றும். சருகு, பாலித்தீன் பை, பனியன் வேஸ்ட் எல்லாம் கூடவே பறக்கும். சில நிமிடங்களில் அடங்கிவிடும். தரை சூடேறி, காற்று வேகமாக மேலே எழுவதால் வரும் புழுதிச் சுழல் இது.

டொர்னாடோவும் பார்க்க இப்படித்தான் இருக்கும். ஆனால், அது தனியாக வருவதில்லை. பெரிய இடிமேகத்தோடு இணைந்து, யானைத் துதிக்கை போலத் தெரியும். மிக வலுவான டொர்னாடோவில் காற்றின் வேகம் மணிக்கு 320 கிலோமீட்டரைத் தாண்டும்! நம் நாட்டிலும் எப்போதாவது வரும். 2023 மார்ச் 24-ல் பஞ்சாப் மாநிலம், ஃபாசில்கா மாவட்டத்தில் உள்ள பக்கைன்வாலா கிராமத்தில் புகுந்து, வீடுகளைச் சிதைத்தது. அதைச் சிலர் செல்போனில் படம்பிடித்தார்கள்.

இவ்வளவு பயங்கரமான காற்றைப் பக்கத்தில் போய்ப் படம் எடுப்பது எப்படி?

அமெரிக்கப் பொறியாளர் டிம் சமாரஸ் ஒரு வழி கண்டுபிடித்தார். 'மனிதன் நிற்க வேண்டாம், கருவி நிற்கட்டும்' என்பதே அது. ஒரு சாண் உயரம்கூட இல்லாத, சுமார் 20 கிலோ எடையுள்ள தட்டையான கூம்பு வடிவக் கருவியைச் செய்தார். காற்று அதைத் தூக்காது; தரையோடு அழுத்தும். அதனால், 'ஆமை' என்று செல்லப்பெயர்!

2003 ஜூன் 24-ல், தெற்கு டகோட்டா மாநிலத்தின் மான்செஸ்டர் ஊர் அருகே, டொர்னாடோ வரும் பாதையில் ஆமையை வைத்துவிட்டு விலகினார். காற்றழுத்தம் 100 மில்லிபார் குறைந்ததை அது பதிவு செய்தது. சமவெளியிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர் உயர மலைக்கு ஏறினால்தான் அழுத்தம் அவ்வளவு குறையும்! அடுத்த ஆண்டு, கூம்புக்குள் கேமராக்களைப் பொருத்தி, அயோவா மாநிலத்தில் டொர்னாடோவை மிக அருகில் படம்பிடித்தார்.

இவ்வளவு கவனமானவருக்கே 2013 மே 31-ல் ஆபத்து வந்தது. ஒக்லஹோமா மாநிலம், எல் ரெனோ அருகே டொர்னாடோ சட்டென்று திசை மாறி, 4.2 கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்தது. காரில் இருந்த டிம், அவர் மகன் பால், நண்பர் கார்ல் யங் மூவரும் இறந்தார்கள்.

ஒரு ரகசியம் சொல்லட்டுமா? டொர்னாடோ இடமோ வலமோ நகராமல், ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரிந்தால் ஏமாறாதீர்கள். அது உங்களை நோக்கியே வந்துகொண்டிருக்கலாம்! செல்போன் திரையையே பார்ப்பவருக்கு இது புரியாது.

ஆகவே, பலத்த காற்று அடித்தால் மொட்டை மாடிக்கு ஓடாதீர்கள். தகரக் கூரை, ஜன்னல், மரம், மின்கம்பம் எதன் அருகிலும் நிற்காமல், உறுதியான கட்டடத்தின் கீழ்த்தளத்தில், உள் அறையில் இருங்கள்.

புழுதிச் சுழலை மட்டும் தள்ளி நின்று கவனியுங்கள். அது கடிகார முள் திசையிலும் சுற்றும், எதிர்த்திசையிலும் சுற்றும். நீங்கள் பார்த்தது எப்படிச் சுற்றியது என்று நோட்டில் குறித்து வையுங்கள்!