பழைய கம்ப்யூட்டருக்குப் புது மூளை! என்னென்ன நடக்கும் தெரியுமா?

திருவனந்தபுரம் கழக்கூட்டம் என்றதும் டெக்னோபார்க்தானே நினைவுக்கு வரும்? 1990-ல் தொடங்கிய அதுதான் இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா! வைத்தியன் குன்னு என்ற மேட்டில் சுமார் 50 ஏக்கரில் ஆரம்பித்தார்கள். முதல் கட்டடங்களுக்கு வைத்த பெயர் தெரியுமா? பம்பா, பெரியார்! இரண்டும் ஆறுகள்!

அங்கிருந்து சில கிலோமீட்டர் போனால் தும்பா. அங்கே விக்ரம் சாராபாய் விண்வெளி மையம். 'ப்ராசஸர் மாற்றுவது' என்ற வேலையின் உச்சக்கட்ட அதிசயம் நடந்தது அங்கேதான்! முதலில் அதைப் பார்ப்போம். பிறகு வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வருவோம்!

ராக்கெட்டுக்கே மூளை மாற்றினார்கள்!

இஸ்ரோ ராக்கெட்டுகளை 2009 முதல் வழிநடத்தி வருவது 'விக்ரம் 1601' என்ற 16 பிட் ப்ராசஸர். இப்போது அதற்கு வாரிசு வந்துவிட்டது: 32 பிட் 'விக்ரம் 3201'! எவ்வளவு குளிர், எவ்வளவு சூடு தாங்கும் தெரியுமா? மைனஸ் 55 டிகிரி முதல் 125 டிகிரி செல்சியஸ் வரை! புது சிப்பை மாட்டிவிட்டுக் கும்பிடு போட்டார்களா? இல்லவே இல்லை! 2024 டிசம்பர் 30-ல் பறந்த பி.எஸ்.எல்.வி. சி60 பயணத்தில் அதை விண்வெளியிலேயே ஓட்டிச் சோதித்தார்கள். 2025 மார்ச்சில்தான் முறைப்படி இஸ்ரோவிடம் ஒப்படைத்தார்கள்!

அதே ஆலை, அன்று வீட்டுக் கம்ப்யூட்டர்!

விக்ரம் 3201 எங்கே தயாராகிறது? பஞ்சாபின் மொகாலியில் உள்ள செமிகண்டக்டர் ஆலையில்! அதே நிறுவனம் 1980-களில் என்ன செய்தது தெரியுமா? இங்கிலாந்தின் புகழ்பெற்ற பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டரை உரிமம் பெற்று, 'எஸ்சிஎல் யூனிகார்ன்' என்ற பெயரில் தயாரித்தது! 1984-ல் தொடங்கிய 'கிளாஸ்' கணினிக் கல்வித் திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்குப் போனதும் பிபிசி மைக்ரோதான். அதன் நினைவகம் எவ்வளவு? வெறும் 32 கிலோபைட்! வேகம்? 2 மெகாஹெர்ட்ஸ்! மூளை? 6502 என்ற சிப்!

40 காலில் 2 கால் செய்யும் வேலை!

6502-க்கு 40 கால்கள். இன்றும் புதிதாகக் கிடைக்கும் அதன் வாரிசு டபிள்யூ65சி02-க்கும் 40 கால்கள். அப்படியே கழற்றி மாட்டிவிடலாமா? அங்கேதான் சிக்கல்! பழைய சிப்பில் முதல் கால் 'கிரவுண்ட்'. புதியதில் அதே கால் சிக்னலை வெளியே அனுப்பும் கால்! பழைய போர்டில் நேராகச் செருகினால் அந்த சிக்னல் நேரே கிரவுண்டில் போய் முட்டும்!

இன்னொரு கால், 36-வது. பழைய சிப்பில் அதற்கு வேலையே இல்லை. புதியதிலோ அதற்கு 5 வோல்ட் கிடைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் சிப் எந்த நேரமும் மற்ற பாகங்களுடன் தொடர்பை அறுத்துக்கொள்ளலாம்! திரையில் ஒன்றும் வராது! வைத்தியம் என்ன? முதல் காலை மெல்ல வெளியே வளைத்து, சாக்கெட்டுக்குள் போகாமல் விடுவது. 36-வது காலுக்கு ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட் கொடுப்பது. அவ்வளவுதான்!

ரகசியக் கட்டளைகள் 105!

6502-ல் 256 கட்டளை எண்களுக்கு இடம் உண்டு. கையேட்டில் இருப்பவை 151. மீதி 105? யாரும் திட்டமிடாமல் தாமாகவே அமைந்தவை! கில்லாடிப் புரோகிராமர்கள் சிலர் அவற்றையும் பயன்படுத்திவிட்டார்கள். புது சிப்பில் அந்த ரகசியக் கட்டளைகளில் பெரும்பாலானவை அதே வேலையைச் செய்யாது. விளைவு? மெஷின் நன்றாக ஓடும், பழைய விளையாட்டு மட்டும் பாதியில் உறைந்து நிற்கலாம்!

வேகம் கூடியதால் படுத்த விண்டோஸ்!

ப்ராசஸர் வேகமாக இருந்தால் நல்லதுதானே? விண்டோஸ் 95-ஐக் கேளுங்கள்! 350 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலும் உள்ள ஏ.எம்.டி. கே6-2 சிப்புகளில் அது தொடங்கும்போதே படுத்துவிடலாம்! காரணம்? எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கும் ஒரு கணக்கை சிப் கண்ணிமைக்கும் முன் முடித்துவிடும். நேரம் பூஜ்யம் என்று வரும். பூஜ்யத்தால் வகுக்கப் போய்க் கணக்கே கவிழும்!

டர்போ பாஸ்கலில் எழுதிய பழைய புரோகிராம்கள் பலவற்றிலும் இதே கதை! சுமார் 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டிய மெஷினில் 'ரன்டைம் எரர் 200' என்று நின்றுவிடும். புரோகிராமில் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது!

கரண்ட் இல்லாமல் ஓடிய சிப்!

1985 ஏப்ரல் 26. கேம்பிரிட்ஜில் ஏகார்ன் நிறுவனம். சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்த முதல் ஆர்ம் சிப் வந்து சேர்ந்தது. அதை எதில் இணைத்தார்கள்? பிபிசி மைக்ரோவின் இரண்டாவது ப்ராசஸராக! முதல் தடவையே ஓடியது! எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று அளந்தால் மீட்டரில் பூஜ்யம்! ஏன் தெரியுமா? போர்டில் இருந்த கோளாறால் சிப்புக்கு மின் இணைப்பே போகவில்லை! மற்ற சிக்னல் கால்கள் வழியே கசிந்த மின்சாரத்திலேயே அது ஓடிக்கொண்டிருந்தது! இன்று உலகில் விற்பனையான ஆர்ம் சிப்புகள் 25,000 கோடிக்கும் மேல்! உங்கள் செல்போனிலும் ஒன்று இருக்கக்கூடும்!

தூக்கிப் போட்டால் சரியாகும்!

1980-ல் வந்த ஆப்பிள் 3 மக்கர் செய்தபோது சொல்லப்பட்ட வைத்தியம் என்ன தெரியுமா? மெஷினைச் சில அங்குலம் தூக்கி, மேசையில் 'தொப்'பென்று விடுங்கள்! சூடாகி ஆறி, சூடாகி ஆறி, சிப்புகள் சாக்கெட்டிலிருந்து மெல்ல மேலே ஏறிவிடும். விழும் அதிர்ச்சியில் மறுபடி உட்காரும்! இன்றும் பழைய மெஷின் உயிர் பெறாவிட்டால் முதல் சோதனை இதுதான்: இணைப்பைப் பிடுங்கிவிட்டு ஒவ்வொரு சிப்பையும் விரலால் அழுத்திப் பாருங்கள். தூக்கிப் போட வேண்டாம்!

உங்கள் பரணில் இருக்கிறதா?

கழக்கூட்டம்போல உப்புக்காற்றும் மழை ஈரமும் கலந்த ஊர் என்றால் கூடுதல் கவனம்! சாக்கெட்டில் பச்சைக் களிம்பு, ஒழுகிய பேட்டரி இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பிபிசி மைக்ரோவின் பவர் சப்ளையில் 'ரிஃபா' என்ற காகிதக் கெப்பாசிட்டர் இருக்கும். ஆண்டுக்கணக்கில் ஈரம் குடித்த அது, சுவிட்சைப் போட்டதும் வெடித்துப் புகை கக்கலாம்! முதலில் விவரம் தெரிந்தவரிடம் கொடுத்து அதை மாற்றுங்கள். புது ப்ராசஸர் போடுகிறீர்களா? சிப்பின் வெட்டுக்குறி எந்தப் பக்கம் என்று பார்த்துச் செருகுங்கள். கழற்றிய பழைய சிப்பை எறிந்துவிடாதீர்கள். புதியதில் ஓடாத மெஷின் பழையதில் ஓடினால், கோளாறு எங்கே என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்! பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடும் முன் ஒருமுறை திறந்து பாருங்கள்!