ஈரத்தை நஞ்சென்று காட்டும் கருவி

எங்கள் பள்ளியின் நான்காம் படிவ மாணவர்கள் சிலர், பத்துப் பதினைந்து ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் எம்கியூ-135 என்ற வாயு உணரியைக் கொண்டு காற்று மாசை அளக்கும் கருவி ஒன்றைச் செய்தார்கள். குளிரூட்டிய கணினி அறையில் வைத்து, ‘இது சுத்தமான காற்று’ என்று அதற்குத் தொடக்க அளவும் குறித்தார்கள். பிறகு பள்ளியின் பின்வேலிக்குக் கொண்டு போனார்கள். எண் மளமளவென்று ஏறியது. வேலிக்கு அப்பால் ஒரு தொழிற்சாலை இருக்கிறது.

“சார், அவர்கள்தான் விஷவாயு விடுகிறார்கள்!” என்று புகார்க் கடிதமே எழுதிவிட்டார்கள்.

கடிதத்தை அனுப்பும் முன் ஒரு சோதனை செய்தோம். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் கருவியை வைத்து, எண் நிலைக்கும் வரை காத்திருந்தோம். பிறகு தண்ணீரில் நனைத்த துணி ஒன்றை உள்ளே வைத்து மூடினோம். புகை இல்லை, வாகனம் இல்லை. ஆனாலும் எண் ஏறியது. துணியை எடுத்துவிட்டு, காலணிப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டோம். எண் மெல்ல இறங்கியது.

இது எப்படி நடக்கிறது? இவ்வகை உணரிக்குள் வெள்ளீய ஆக்சைடு படலம் ஒன்று சூடாக்கப்படுகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் அதன் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால் மின்தடை அதிகமாக இருக்கும். கார்பன் மோனோக்சைடு போன்ற வாயு வந்து அந்த ஆக்சிஜனுடன் வினைபுரிந்தால் எலக்ட்ரான்கள் விடுபடும், மின்தடை குறையும். அந்தக் குறைவைத்தான் கருவி ‘வாயு’ என்று கணக்கிடுகிறது. நீராவி படிந்தாலும் மின்தடை குறைகிறது. வந்தது வாயுவா, நீராவியா என்று கருவிக்குத் தெரியாது.

கணக்கைப் பாருங்கள். 24 டிகிரி செல்சியஸ், 55 விழுக்காடு ஈரப்பதம் உள்ள குளிரூட்டிய அறையில் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 12 கிராம் நீராவி இருக்கும். வெளியே 30 டிகிரி, 80 விழுக்காடு என்றால் அது 24 கிராம். அதாவது இரு மடங்கு. அந்த வெளிக்காற்றில் பத்து லட்சம் மூலக்கூறுகளை எடுத்தால் 33,000க்கும் மேற்பட்டவை நீர். நம் நாட்டுத் தரநிலை கார்பன் மோனோக்சைடுக்கு வைத்துள்ள 8 மணி நேர வரம்போ பத்து லட்சத்தில் ஏறத்தாழ 9தான்! இந்தக் கூட்டத்தில் அந்த ஒன்பதைத் தேடிப் பிடிப்பது எளிதா?

விலை கூடிய மின்வேதி உணரிகளும் முழுமையாகத் தப்புவதில்லை. அவற்றினுள் இருக்கும் அமிலக் கரைசல் வறண்ட காற்றில் நீரை இழக்கிறது, ஈரக் காற்றில் உறிஞ்சுகிறது. மழை வரும்போது ஈரப்பதம் சட்டென்று மாறினால் எண்ணும் ஒரு கணம் துள்ளும்.

அதற்காக மலிவான கருவிகளைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் அளக்கும் இன்னோர் உணரியைப் பக்கத்தில் பொருத்தி, மூன்று எண்களையும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும். அளக்கப் போகும் இடத்தின் காற்றிலேயே தொடக்க அளவைக் குறிக்க வேண்டும். முடிந்தால் சில வாரங்கள் தரமான நிலையக் கருவியின் அருகில் வைத்து ஒப்பிட்டுத் திருத்த வேண்டும்.

2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் வேதிக் கழிவு கொட்டப்பட்டபோது மாணவர்கள் மூச்சுத்திணறலால் பாதிக்கப்பட்டார்கள். 111 பள்ளிகள் மூடப்பட்டன. அப்படி ஒரு நாள் மீண்டும் வந்தால் நம் கருவி சொல்வதை மற்றவர்கள் நம்ப வேண்டும். ஒவ்வொரு மழைக்கும் அபாயம் என்று கத்தும் கருவியை அன்று யார் நம்புவார்கள்?

தொழிற்சாலை குற்றமற்றது என்று எங்கள் சோதனை நிரூபிக்கவில்லை. எங்களிடம் இருந்தது ஆதாரம் அல்ல என்பதை மட்டுமே அது காட்டியது. கடிதம் இன்னும் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. மாணவர்கள் ஈரப்பத உணரியைப் பொருத்தி, பின்வேலியில் மறுபடியும் அளக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.