புதிய மண்ணில் முஹாஜிர்கள்

ஹிஜ்ரத் என்ற சொல்லைச் செவியுற்றதும் ஸவ்ர் குகையும், நெடிய பாலைவழிப் பயணமும், நபிகள் பெருமானாரை (ஸல்) எதிர்கொண்டழைக்கத் திரண்டு நின்ற மதீனத்து மக்களின் மகிழ்ச்சி ஆரவாரமும் நம் கண்முன் விரிகின்றன. மீலாது மேடைகளிலும் ஜும்ஆ பேருரைகளிலும் நாம் பலமுறை கேட்டு மகிழ்ந்த வரலாறு அது. ஆனால் அந்த ஆரவாரம் அடங்கிய மறுநாள் என்ன நடந்தது? வீட்டையும் வாணிபத்தையும் உற்றார் உறவினரையும் துறந்து வந்தவர்கள் அன்றிரவு எங்கே படுத்தார்கள்? எதை உண்டார்கள்? எதை எண்ணிக் கண்ணீர் வடித்தார்கள்? இவற்றை நாம் அதிகம் சிந்திப்பதில்லை.

சிந்திக்க வேண்டிய தேவை இன்று நமக்கு உண்டு. வளைகுடா நாடுகளுக்கும், மலேசியா, சிங்கப்பூருக்கும், மேலை நாடுகளுக்கும் மகனையோ கணவனையோ அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் இல்லங்கள் நம்மிடையே ஏராளம். புதிய நாட்டில் முதல் சில மாதங்கள் எத்துணைக் கடினமானவை என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். முஹாஜிர்கள் ஈமானைக் காக்க ஊர் துறந்தவர்கள். நம்மவர்களோ பெரும்பாலும் பிழைப்பை நாடிச் செல்பவர்கள். இரண்டும் ஒரே தரத்தன அல்ல. செயல்கள் அனைத்தும் எண்ணத்தைப் பொறுத்தவையே என்பது அண்ணலாரின் போதனையன்றோ! எனினும் அந்நிய மண்ணில் மனித உள்ளம் படும் பாடு எல்லாருக்கும் ஒன்றே. அந்தப் பாட்டை அந்த உத்தமர்கள் கடந்த வழி நமக்கும் வழியாகும்.

காய்ச்சலும் ஏக்கமும்

கி.பி. 622ஆம் ஆண்டு நிகழ்ந்தது ஹிஜ்ரத். மக்காவுக்கும் மதீனாவுக்கும் இடையே இன்றைய சாலை வழியில் ஏறத்தாழ 450 கிலோமீட்டர் தொலைவு. தொலைவை விட வேறுபாடே பெரிது. மக்கா, பயிர் விளையாத வறண்ட பள்ளத்தாக்கு. அதன் மக்கள் வணிகர்கள். யத்ரிப் என்று வழங்கிய மதீனாவோ பேரீச்சந்தோப்புகளும் கிணறுகளும் நிறைந்த வேளாண்மைப் பூமி. நீர் தேங்கிய இடங்களும் அங்கு உண்டு. தாங்கள் வந்தபோது அல்லாஹ்வின் பூமியிலேயே மிகுதியான காய்ச்சல் பீடித்த இடமாக அது இருந்தது என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்துள்ளார்கள்.

வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் படுக்கையில் விழுந்தனர். அபூபக்ர் (ரலி) அவர்களுக்குக் காய்ச்சல். பிலால் (ரலி) அவர்களுக்குக் காய்ச்சல். ஆயிஷா அம்மையாரும் காய்ச்சலில் வீழ்ந்தார்கள். தலைமுடி உதிரும் அளவுக்கு நோய் அவர்களை வாட்டியது. தந்தை அபூபக்ர் (ரலி) மகளிடம் வந்து, கன்னத்தில் முத்தமிட்டு, உடல்நலம் எப்படியிருக்கிறது என்று கேட்ட அந்தச் சிறு நிகழ்ச்சியை ஹதீஸ் நூல்கள் பாதுகாத்து வைத்துள்ளன.

பிலால் (ரலி) அவர்களின் நிலையை நோக்குங்கள். காய்ச்சல் சற்றே தணியும் போதெல்லாம் அவர்கள் குரலெடுத்து மக்காவை எண்ணிப் பாடுவார்கள். அங்கு வளரும் இத்கிர், ஜலீல் என்னும் புற்களையும், மஜன்னாவின் நீரையும், ஷாமா, தஃபீல் என்னும் மலைகளையும் இனி ஒருமுறையேனும் காணக் கிட்டுமா என்று ஏங்குவார்கள். எந்த மக்கா அது? கொதிக்கும் மணலில் அவர்களைக் கிடத்தி, மார்பின் மீது பாறையை ஏற்றி வைத்த அதே மக்கா! துன்பமே தந்த ஊருக்காகவும் மனிதன் அழுவான். அதுதான் பிறந்து வளர்ந்த மண்ணின் பிடி.

இச்செய்தியை ஆயிஷா (ரலி) வந்து கூறியபோது பெருமானார் (ஸல்) என்ன செய்தார்கள்? ஈமான் கொண்டவர்கள் இப்படிப் புலம்பலாமா என்று கண்டிக்கவில்லை. மக்காவை மறந்துவிடுங்கள் என்று கட்டளையிடவுமில்லை. கைகளை ஏந்தினார்கள். மக்காவை நேசிப்பது போல், அல்லது அதைவிட அதிகமாக, மதீனாவின் மீது எங்களுக்கு நேசத்தை உண்டாக்குவாயாக என்றும், இவ்வூரை நலமுள்ளதாக்குவாயாக என்றும், இதன் ஸாஉ, முத் என்னும் தானிய அளவைகளில் பரக்கத் செய்வாயாக என்றும், இதன் காய்ச்சலை ஜுஹ்ஃபாவுக்கு அகற்றுவாயாக என்றும் இறைஞ்சினார்கள்.

இந்த துஆவின் அமைப்பைச் சற்றே சிந்திக்க வேண்டும். உள்ளத்துக்கு நேசம், உடலுக்கு நலம், அடுப்புக்குத் தானியம் ஆகிய மூன்றையும் ஒருசேரக் கேட்டார்கள். புதிய ஊரில் கால் ஊன்ற இம்மூன்றும் வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் மனிதன் தளர்ந்துவிடுவான்.

வீட்டைத் திறந்தவர்கள்

துஆவோடு பெருமானார் (ஸல்) நின்றுவிடவில்லை, ஏற்பாடுகளையும் செய்தார்கள். முதலில் எழுந்தது பள்ளிவாசல். சுடாத செங்கல் சுவர், பேரீச்ச மரத் தூண்கள், ஓலைக்கூரை, அவ்வளவே. அதற்கான கற்களை நாயகமே தோழர்களோடு தோழராகச் சுமந்தார்கள். வீடும் உறவும் இல்லாதவர்களுக்கு அப்பள்ளியிலேயே திண்ணை என்னும் ஸுஃப்ஃபா இடம் தந்தது.

அடுத்து வந்தது சகோதர உடன்படிக்கை. முஹாஜிர் ஒருவர், அன்சாரி ஒருவர் என இணைத்து, இனி நீங்கள் உடன்பிறப்புக்கள் என்றார்கள். தொடக்கத்தில் ஒருவர் சொத்துக்கு மற்றவர் வாரிசாகும் அளவுக்கு இவ்வுறவு வலிமை பெற்றிருந்தது. பின்னர் வாரிசுரிமை இரத்த உறவினருக்கே உரியது என்று திருமறை வரையறுத்தது.

வந்தவர்களை யார் வீட்டில் தங்க வைப்பது என்பதில் அன்சாரிகள் போட்டியிட்டார்கள். குலுக்கல் முறையில் முடிவு செய்ய வேண்டியதாயிற்று! அவ்வாறு உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரலி) அவர்கள் உம்முல் அலா (ரலி) என்னும் அன்சாரிப் பெண்மணியின் இல்லத்தாருக்குக் கிடைத்தார்கள். பின்னர் அவர்கள் நோயுற்றபோது அக்குடும்பமே பணிவிடை செய்தது. இறுதி மூச்சையும் அவ்வில்லத்திலேயே விட்டார்கள். அந்நியராக வந்தவர் அந்த வீட்டின் பிள்ளையாகவே விடைபெற்றார்.

கடைத்தெரு எங்கே?

கொடுப்பவர் கை இவ்வாறு திறந்திருந்தது. வாங்குபவர் கை எவ்வாறிருந்தது? இங்குதான் இவ்வரலாற்றின் தலைசிறந்த பாடம் உள்ளது.

தங்கள் பேரீச்சந்தோப்புகளை எங்களுக்கும் முஹாஜிர்களுக்கும் பங்கிட்டுத் தாருங்கள் என்று அன்சாரிகள் பெருமானாரிடம் வேண்டினார்கள். பெருமானார் (ஸல்) அதற்கு உடன்படவில்லை. அப்படியானால் அவர்கள் தோட்டத்தில் எங்களோடு உழைக்கட்டும். விளைச்சலில் பங்கு தருகிறோம் என்றார்கள் அன்சாரிகள். முஹாஜிர்கள் அதனை ஏற்றனர். ஏடும் தராசும் பிடித்த வணிகக் கைகள் மரத்துக்கு நீர் பாய்ச்சக் கற்றுக்கொண்டன.

ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அன்சாரிகளில் பெருஞ்செல்வர். தம் செல்வத்தில் சரிபாதியைத் தம் சகோதரர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களிடம் தர முன்வந்தார்கள். மக்காவில் செல்வராக வாழ்ந்து வெறுங்கையோடு வந்தவர் அப்துர் ரஹ்மான். அவர்களோ ஸஅதின் குடும்பத்துக்கும் பொருளுக்கும் பரக்கத் உண்டாகட்டும் என வாழ்த்திவிட்டு, கடைத்தெரு எங்கேயுள்ளது என்று காட்டினால் போதும் என்றார்கள். கைனுகா கடைத்தெருவைக் காட்டினார்கள். அன்றே சென்று வாணிபம் செய்து, பாலாடைக் கட்டியும் நெய்யும் கொண்டு திரும்பினார்கள். நாள்தோறும் சென்றார்கள். சில நாட்களில் அன்சாரிப் பெண் ஒருவரை, பேரீச்சங் கொட்டையின் எடையளவு தங்கம் மஹராகக் கொடுத்து மணமுடித்தார்கள். ஓர் ஆட்டையேனும் அறுத்து வலீமா விருந்தளிக்குமாறு நாயகம் (ஸல்) பணித்தார்கள்.

நெய்யும் பாலாடைக் கட்டியும் விற்பது தம் பழைய மதிப்புக்குக் குறைவு என்று அவர்கள் கருதவில்லை. முந்தைய ஊரில் நான் யார் என்பதை மூட்டையாகக் கட்டிச் சுமந்து திரிபவனுக்குப் புதிய ஊரில் நடக்க இயலாது.

அஸ்மாவின் அடுப்படி

பெண்கள் பட்ட பாட்டையும் சொல்லாமல் விடுவது முறையன்று. அபூபக்ர் (ரலி) அவர்களின் மகளார் அஸ்மா (ரலி) நிறைசூலியாக ஹிஜ்ரத் புறப்பட்டு, குபாவில் அப்துல்லாஹ்வை ஈன்றெடுத்தார்கள். மதீனா வந்த முஹாஜிர்களுக்கு அங்கு பிறந்த முதற்குழந்தை அதுவே. முஹாஜிர்களுக்கு இனிப் பிள்ளைப்பேறு வாய்க்காது என்றொரு வதந்தி உலவியிருந்ததால், அக்குழந்தையின் வரவில் முஸ்லிம்கள் பேருவகை எய்தினர். பெருமானார் (ஸல்) பேரீச்சம்பழத்தை மென்று குழந்தையின் வாயில் வைத்து துஆ செய்தார்கள்.

மதீனாவின் தொடக்க ஆண்டுகளில் அஸ்மாவின் கணவர் ஸுபைர் (ரலி) அவர்களிடம் குதிரையும் நீரிறைக்கும் ஒட்டகமும் தவிர வேறு செல்வமில்லை. குதிரைக்குத் தீனி வைப்பது, நீர் சேந்துவது, தோல் வாளியைத் தைப்பது, மாவு பிசைவது யாவும் அம்மையாரின் பணி. ஏறத்தாழ இரண்டு மைல் தொலைவிலிருந்து பேரீச்சங் கொட்டைகளைத் தலையில் சுமந்து வருவார்கள். ஆனால் ரொட்டி சுடுவது மட்டும் அவர்களுக்குச் சரியாக வரவில்லை. அண்டை வீட்டு அன்சாரிப் பெண்களே சுட்டுத் தந்தார்கள். அவர்கள் உண்மையான நேசம் கொண்ட பெண்கள் என்று அம்மையாரே பின்னாளில் நன்றியோடு நினைவுகூர்ந்தார்கள். பெரிய உபகாரம் பெரிய தொகையில்தான் உள்ளது என்பதில்லை. தெரியாததை நகைக்காமல், நாலு ரொட்டியைச் சுட்டுக் கொடுத்த அண்டை வீட்டாரின் பெயர் தெரியாவிடினும் அவர்களின் செயல் ஹதீஸில் இடம்பெற்றுவிட்டது.

உமர் (ரலி) அவர்கள் தம் அன்சாரி அண்டைவீட்டாருடன் செய்துகொண்ட ஏற்பாடும் கருதத்தக்கது. மதீனாவின் மேட்டுப் பகுதியில் வசித்த அவ்விருவரும், ஒரு நாள் ஒருவர், மறுநாள் மற்றவர் எனப் பெருமானாரின் அவைக்குச் சென்று, அன்று கேட்டதை வீடு திரும்பி மற்றவருக்கு அறிவிப்பார்கள். பிழைப்பையும் விடவில்லை, மார்க்கக் கல்வியையும் விடவில்லை. வேலைச் சுமையால் தொழுகைக்கும் ஓதலுக்கும் நேரமில்லை என்போருக்கு இதில் நல்ல விடை உண்டு.

திருப்பித் தந்த மரங்கள்

முஹாஜிர்களின் உள்ளத்தை ஒரு கவலை அரித்தது. நன்மையனைத்தையும் அன்சாரிகளே கொண்டுபோய்விடுவார்களோ என்று பெருமானாரிடம் முறையிட்டார்கள். நீங்கள் அவர்களைப் பாராட்டி, அவர்களுக்காக துஆ செய்யும் வரை அவ்வாறாகாது என்று ஆறுதல் கிடைத்தது. கொடுக்க ஏதுமற்றவனிடமும் நன்றி கூறும் நாவும் வேண்டும் உள்ளமும் உண்டு. திருமறையின் அல்ஹஷ்ர் அத்தியாயம், தங்களுக்கே தேவையிருந்தும் பிறரை முற்படுத்திய அன்சாரிகளின் பெருந்தன்மையை என்றென்றைக்குமாகப் பதிவு செய்துள்ளது.

கி.பி. 628இல் கைபர் வெற்றிக்குப் பின் முஹாஜிர்களின் கை சற்றே நிமிர்ந்தது. உடனே அவர்கள் செய்தது என்ன தெரியுமா? பயன் பெறுவதற்காக அன்சாரிகள் அளித்திருந்த பேரீச்ச மரங்களை அவரவரிடம் திருப்பிக் கொடுத்தார்கள். கடினமான நாட்களில் வாங்கிய உதவியை நல்ல நாட்களில் மறக்கவில்லை.

நேசத்துக்கான அந்த துஆவும் பலித்தது. பயணத்திலிருந்து மீளும்போது மதீனாவின் கட்டடங்கள் கண்ணில் பட்டதும் நாயகம் (ஸல்) தம் வாகனத்தை விரைவுபடுத்துவார்கள். அவ்வூரின் மீதுள்ள நேசமே அதற்குக் காரணம். கி.பி. 630இல் மக்கா வெற்றி கொள்ளப்பட்டது. இனி நாயகம் சொந்த ஊரிலேயே தங்கிவிடுவார்களோ என அன்சாரிகள் கலங்கினர். தம் வாழ்வும் மரணமும் அவர்களோடுதான் என உறுதியளித்து, மதீனாவுக்கே திரும்பினார்கள் பெருமானார்.

நமக்குரிய கடமை

இவ்வரலாறு மூவருக்குப் பாடம் புகட்டுகிறது.

முதலாமவர், புதிய நாட்டில் கால் வைத்திருப்பவர். தம்பி! ஊரை நினைத்து இரவில் கண் கலங்கினால் வெட்கப்படாதே, பிலாலும் கலங்கினார்கள். ஆனால் கலக்கத்தோடு படுத்தே கிடந்துவிடாதே. பள்ளிவாசலைத் தேடு, ஒரு சகோதரனைத் தேடு, ஹலாலான தொழில் எதுவாயினும் இழிவென்று எண்ணாதே. பரக்கத்தை அவ்வூர் மண்ணிலும் கேள்.

இரண்டாமவர், ஊரிலிருக்கும் குடும்பத்தார். தொலைபேசி ஒலித்ததும் பணம் எப்போது வரும் என்று கேட்கும் முன், அபூபக்ர் (ரலி) தம் மகளிடம் கேட்டது போல் உடல்நலம் கேளுங்கள். முதல் மாதங்களிலேயே வீடு கட்டும் கணக்கையும் நகைக் கணக்கையும் அவர் தோளில் ஏற்றாதீர்கள். அவர் நலமாயிருக்கிறேன் என்று சொல்வது உங்கள் மனம் நோகாதிருப்பதற்காகவும் இருக்கலாம்.

மூன்றாமவர், முன்பே சென்று நிலைபெற்றவர். அவரே இன்றைய அன்சாரி. நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். கடல் கடந்து சிங்கப்பூர் சென்ற தமிழ் முஸ்லிம் வணிகர்கள் 1826இலேயே அங்கு ஜாமிஆ பள்ளிவாசலை நிறுவியது இதற்குச் சான்று. புதிதாய் வந்தவனுக்கு ஒரு வேளைச் சோறும், அலுவலகங்களுக்கு வழித்துணையும், கடைத்தெருவுக்கு வழிகாட்டலும் நாம் தர இயன்றவையே. அயல்நாடு செல்லாதவருக்கும் இக்கடமை உண்டு. நம் ஊருக்கே பிழைப்புத் தேடி வடமாநிலங்களிலிருந்து வந்து, மொழியறியாது, காய்ச்சலில் தனியே படுத்திருக்கும் தொழிலாளியும் ஓர் அந்நியனே. அவன் எம்மதத்தவனாயினும் நம் அண்டை வீட்டானே.

மதீனாவின் மீது முஹாஜிர்களுக்கு நேசத்தைத் தந்த எல்லாம் வல்ல அல்லாஹ், தூர தேசங்களில் வாழும் நம் பிள்ளைகளுக்கு உள்ளத்தில் அமைதியையும், உடலில் நலத்தையும், உழைப்பில் பரக்கத்தையும் தந்தருள்வானாக! அவர்களுக்கு நல்ல அன்சாரிகளை அளிப்பானாக! நம்மையும் பிறர்க்கு அன்சாரிகளாக ஆக்குவானாக! ஆமீன்.